குழந்தையின் மூளை அலையையும் பாருங்கள்

இந்திய மயக்கவியல் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன். இதை ஆங்கிலத்தில் எழுதி நமக்குள்ளேயே சுற்றுக்கு விட்டிருக்கலாம். பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

உதட்டுப் பிளவு அறுவைக்கு வரும் கைக்குழந்தைக்கு செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை எவ்வளவு கொடுப்பது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்? வயதுக்கேற்ற ‘மேக்’ அளவு, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், பிறகு நம் அனுபவம். கத்தி படும்போது பாதிப் பேர் அசையாமல் கிடக்க எவ்வளவு வாயு வேண்டுமோ, அதுதான் மேக். ஆனால் அந்த அசைவை அடக்குவது பெரும்பாலும் தண்டுவடம் என்பது 1990களிலேயே விலங்கு ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. தண்டுவடத்தைக் கேட்டுக்கொண்டு மூளைக்கு மருந்து கொடுக்கிறோம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நெற்றியில் உணர்பட்டை ஒட்டினால், கருவி மூளை அலையைப் படித்து மயக்கத்தின் ஆழத்தை ஓர் எண்ணாகக் காட்டும்; அந்த எண்ணை 40க்கும் 60க்கும் நடுவே நிறுத்தினால் போதுமே என்பீர்கள். அந்த எண், பெரியவர்களின் பதிவுகளிலிருந்து கணக்கிட்டது. பெரியவர் மயங்கியதும் நெற்றிப் பகுதியில் ஆல்ஃபா என்னும் மூளை அலை எழும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தையிடம் அது இல்லை, மெதுவான டெல்டா அலைகள் மட்டுமே இருக்கும். ஏறக்குறைய நான்காம் மாதத்தில்தான் ஆல்ஃபா தலைகாட்டுகிறது. அது நெற்றிப் பக்கம் ஓங்கி நிற்கப் பத்து மாதம் போல ஆகிறது. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, திரையில் ஓடும் அலையையே படிக்கப் பழக வேண்டும்.

படித்தால் என்ன தெரியும்? மூன்று வயதுக்குட்பட்ட 648 குழந்தைகளைப் பல மருத்துவமனைகளில் கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அறுவையின்போது சில நொடிகளாவது அலை தட்டையாகிப் போயிருந்தது. மருந்து தேவைக்கு மிஞ்சிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பெற்றோர் இதைப் படித்துப் பயந்து அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். அலை தட்டையானதால் அறிவு மங்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. 722 கைக்குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்து, 2019இல் முடிவு வெளியிட்ட பன்னாட்டு ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கத்தால் அறிவுத்திறன் குறையவில்லை என்றது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் விடுத்த எச்சரிக்கையும் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றியதுதான்.

ஆனால் குறைத்துக் கொடுப்பதால் கைமேல் கிடைக்கும் பலன் ஒன்று உண்டு. ஜப்பானின் ஒகினாவாவில் ஒன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் அலையைப் பார்த்து செவோஃப்ளூரேனைக் குறைத்தார்கள். விழிக்கும்போது அம்மாவைக்கூட அடையாளம் தெரியாமல் கதறிப் புரளும் அந்த நிலை 35 சதவீதத்திலிருந்து 21 ஆக இறங்கியது. விழிப்பும் சீக்கிரமே வந்தது. மீட்பு அறையில் நிற்கும் செவிலியர்களைக் கேட்டுப் பாருங்கள், இதன் அருமையை அவர்கள் சொல்வார்கள்.

செலவு எனக்கும் தெரியும். ஒருமுறை ஒட்டிக் கழற்றினால் பட்டை குப்பைக்குத்தான். அதனால் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று கேட்கவில்லை. மூன்று வயதுக்குள், நீண்ட அறுவை அல்லது மறு அறுவை என்றால் மட்டுமாவது ஒட்டுவோம் என்று சங்கம் பரிந்துரைக்கட்டும். முதுநிலை மாணவர்களுக்கு இ.இ.ஜி. எனும் மூளை அலைப் பதிவை வாசிப்பதைத் தேர்வில் கேட்கும் பாடமாக்கக் கோரட்டும். அலை தட்டையான நேரத்தை, இரத்த அழுத்தத்தை எழுதுவதுபோல, மயக்கக் குறிப்பேட்டில் எழுத ஒரு கட்டம் ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் ஒரு மருத்துவன்