மினி பிசி: இப்போதா, தீபாவளிக்கா?

வெள்ளவத்தை, கொழும்பு 6
4 ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று அடுத்த முறை எழுது. நேற்று துருத்து போயா. இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரசு விடுமுறை. இறைச்சிக் கடையும் மதுக்கடையும் திறக்காது, தெரு பாதி காலி. மற்ற நாளில் ‘காலி வீதி’ என்ற இந்தப் பெரிய சாலையைக் கடப்பதற்கு நம்ம ஊர் சித்திரைத் திருவிழாக் கூட்டமே தேவலை.

டித்வா புயலின் சேதம் இன்னும் பேச்சில் இருக்கிறது. நவம்பர் கடைசியில் களனி ஆறு பொங்கி, கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வெள்ளவத்தையில் எங்களுக்குத் தொல்லை ஆறு அல்ல, கடல். மெரின் டிரைவை ஒட்டி ரயில் பாதை, அதைத் தாண்டினால் அலை. மாலைக் காற்று சுகம்தான். ஆனால் அந்த உப்பு, கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளைகளையும் ஃபேன் அச்சையும் அரித்துவிடும். மதுரையில் உனக்கு எதிரி தூசி மட்டுமே, அதை ஊதித் தள்ளிவிடலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கடை மேசைக்கு ஒரு மினி பிசி, அதாவது கையடக்கமான சின்ன டெஸ்க்டாப், இப்போதே வாங்குவதா, தீபாவளித் தள்ளுபடி வரை பொறுப்பதா? பொங்கல் முடிந்த கையோடு வாங்கிவிடு.

ஆறு மாதம் பொறுத்தால் கம்ப்யூட்டர் விலை இறங்கும் என்றே நாம் பழகியிருக்கிறோம். இப்போது அந்தக் கணக்கு தலைகீழ். மெமரி சிப் செய்கிற பெரிய கம்பெனிகள் மூன்றுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்குப் போகும் மெமரியில் லாபம் அதிகம் என்பதால் மூன்றும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. ‘குருஷியல்’ என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தை இந்தப் பிப்ரவரியோடு முடித்துக்கொள்வதாக மைக்ரான் போன மாதம் அறிவித்தது. போன வருட நடுவில் இருந்த விலையைப் போல டிடிஆர்5 என்ற புது வகை மெமரி இப்போது இரண்டு மடங்குக்கு மேல். எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்க்கும் ஏறுகிறது. புதுத் தொழிற்சாலை எழும்பி சிப் வெளிவர வருடக்கணக்கில் ஆகும். தீபாவளிக்குள் இது தணியும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தள்ளுபடி தருவார்கள்தான், ஏற்றிய விலையிலிருந்து தருவார்கள்.

இங்கே பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசா என்று ஒரு கட்டடம், மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள். அங்கே வாங்க வருகிறவர்களிடம் ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்ற பேச்சைக் கேட்பதே அரிது. 2022இல் சில மாதங்களுக்குள் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போன ஊர் இது. இறக்குமதிச் சாமானை நாளைக்கென்று விட்டால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள்.

உன் பழைய மெஷின் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிப்பில் சேர்ந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். இதை இன்றைக்கே செய். ‘அப்படியானால் ஒன்பது மாதம் பொறுக்கலாமே’ என்பாய். பொறுக்கலாம், ஆனால் அது மெமரி விலையோடு ஆடும் சூதாட்டம்.

எதை வாங்குவது? உன் வேலை டேலி கணக்கு மென்பொருள், பில், பிள்ளைகளின் பாடம், கொஞ்சம் போட்டோ. இதற்குப் புதுத் தலைமுறை பிராசஸரைத் தேடி அலைய வேண்டாம். மெமரி ஸ்லாட் இரண்டு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேள். 16 ஜிபியை இரண்டு எட்டாகத் தருவார்கள். ஒரே பதினாறாகக் கேட்டு வாங்கு. இரண்டு எட்டில் படம் கொஞ்சம் வேகமாக ஓடும், உண்மைதான். பிறகு கூட்ட வேண்டுமானால் இரண்டையும் கழற்றிப் போட வேண்டியிருக்கும் என்பதையும் பார். இன்றைய விலையில் அது வீண். இன்டெல்லின் மலிவான என்100 பிராசஸர் போட்ட பெட்டிகள் டேலிக்குப் போதும், மின்சாரமும் குறைவு. ஆனால் பலவற்றில் ஒரே ஸ்லாட், சிலவற்றில் மெமரி போர்டோடு பற்றவைத்தே வரும். அதை அப்புறம் மாற்றவே முடியாது. மினி பிசிக்கு லேப்டாப் அளவு மெமரிதான். உன் பழைய டெஸ்க்டாப் மெமரி பொருந்தாது. பழைய வகையான டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5ம் நுழையாது, மெமரியின் அடியிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

பழையது வாங்கினாலும் எனக்குச் சம்மதமே. அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி மூன்றுமே உழைப்பாளிகள். எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதே. ஐ5-8500டி கிடைத்தால் ஆறு கோர், 35 வாட், உனக்குத் தாராளம். டிடிஆர்4 என்பதால் உன்னிடம் அதே வகை லேப்டாப் மெமரி கிடந்தால் அதையே போடலாம்.

கடையிலேயே மூடியைக் கழற்றச் சொல். ஸ்க்ரூ தலையில் துரு, போர்டில் வெள்ளைப் பொடி அல்லது பச்சைப் படிவு இருந்தால் தண்ணீர் குடித்த மெஷின், விலையே கேட்காமல் வந்துவிடு. வெள்ளத்துக்குப் பிறகு எந்த ஊர்ச் சந்தையிலும் இப்படிச் சில வந்து சேரும். அடுத்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போ. பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். பழைய முதலாளியின் பூட்டு அது. விண்டோஸில் tpm.msc என்று தட்டினால் டிபிஎம் பதிப்பு 2.0 என்று காட்ட வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆயுள் சதவீதத்தைப் பார். அரைமணி நேரம் வீடியோ ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேள். அடப்டர் அசலா என்பது முக்கியம்: டெல் மெஷினில் போலி அடப்டர் மாட்டினால், அடையாளம் தெரியவில்லை என்று எச்சரித்துவிட்டு பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெஷின் மந்தம் என்று திட்டும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

மேக் மினி ஆசையை விட்டுவிடு. எம்4 சிப் போட்டது அழகான பெட்டி, 12.7 சென்டிமீட்டர் சதுரம், 2024இல் இந்தியாவில் 59,900 ரூபாயில் தொடங்கியது. ஆனால் டேலிபிரைம் விண்டோஸுக்கானது. அதோடு, பொறுப்பது நியாயம் என்று நான் சொல்கிற ஒரே மெஷினும் அதுதான். எம்2 வந்தது 2023 ஜனவரி, எம்4 2024 நவம்பர். எம்5 சிப் போன அக்டோபரிலேயே மேக்புக் புரோவில் வந்துவிட்டது, மேக் மினிக்கும் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கிருந்து வாங்கி வரச் சொல்லாதே. வாட் வரி 18 சதவீதம் இங்கேயும் உண்டு, வாரண்டி கொழும்புக் கடையோடு நின்றுவிடும், பிளக்கும் 13 ஆம்பியர் சதுர முள். மதுரைக்கு நேர் விமானம் இருந்து என்ன? சுங்கத்தில் லேப்டாப் ஒன்றுக்குத் தனிச் சலுகை உண்டு, டெஸ்க்டாப்புக்குக் கிடையாது.

வாங்கும் முன் மூன்றைப் பார்த்துவை. உன் மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் யூஎஸ்பி இருக்கிறதா பார். மினியில் பேரலல் போர்ட் இருக்காது. பழைய பெரிய ஹார்ட் டிஸ்க் 3.5 அங்குலம், இதற்குள் நுழையாது. 12 வோல்ட் அடப்டரோடு வரும் யூஎஸ்பி பெட்டியில் போட்டுப் படிக்க வேண்டும். உன் 600 விஏ யூபிஎஸ் போதும், முன்பைவிட அதிக நேரமே தாங்கும்.

கடைசியாக டேலி. பழைய மெஷினில் கம்பெனி டேட்டாவைப் பேக்கப் எடுத்து பென்டிரைவில் வை. அதிலேயே லைசென்ஸை சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய். டேட்டா புதியதில் திறக்கிறது, ஒரு பில் அச்சாகிறது என்று பார்த்த பின் பழைய டிஸ்க்கை அழி. பில்லில் சீரியல் நம்பரைக் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்கு.

அன்புடன்,
அக்கா