நடுவரைக் கூப்பிட்டது நீங்கள்தான்: கபடிக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் கபடிப் போட்டி நடத்தும் விழாக் கமிட்டியார், இளைஞர் மன்றத்தார், டீம் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் கழிந்து சிராவயல் மஞ்சுவிரட்டும் முடிந்துவிட்டால் நம் பக்கம் கபடி சீசன் தொடங்கிவிடும். மாசி, பங்குனி, சித்திரை என்று எந்த அம்மன் கோயில் திருவிழாவாக இருந்தாலும் நோட்டீஸில் மின்னொளிக் கபடி என்று ஒரு வரி இருக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் பரிசுக்குப் பணம் அனுப்புகிறார்கள். சுழற்கோப்பை, ஆட்ட நாயகன் கோப்பை, சாப்பாடு, லைட், மைக்செட் எல்லாவற்றுக்கும் உபயதாரர் கிடைத்துவிடுகிறார். இவ்வளவையும் ஓடி ஓடிப் பார்க்கிற நீங்கள், களத்தின் நடுவில் விசிலோடு நிற்கிற ஆளைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. அவரைப் பற்றித்தான் இந்த மடல்.

போன சீசனில் நடந்தது இது. ஊர் பெயர் வேண்டாம். என்னிடம் பள்ளியில் படித்து, பிறகு உடற்கல்விப் பட்டமும் வாங்கி, நடுவர் தேர்வும் எழுதி முடித்த ஒரு பையனை அரையிறுதிக்கு விசில் ஊத நிறுத்தியிருந்தார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில், எதிரணிப் பக்கம் பாடிப் போன ஒரு ரெய்டருக்கு அவன் போனஸ் புள்ளி கொடுக்கவில்லை. அந்த டீமின் ஆள் ஒருவன் ஓடிவந்து காதோடு சேர்த்து அறைந்தான். இன்னும் நாலு பேர் சட்டையைப் பிடித்தார்கள். அவன் அம்மாவை இழுத்து என்னென்னவோ பேசினார்கள். கூட்டத்தில் சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அறைந்ததைவிட அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. கமிட்டியில் இரண்டு பெரியவர்கள் வந்து, “சின்னப் பசங்க, ஆட்டச் சூட்டுல செஞ்சுட்டாங்க, விடுங்க தம்பி, திருவிழா நேரம்” என்று சொல்லி, அறைந்தவனுக்கும் அறை வாங்கியவனுக்கும் கை கொடுக்க வைத்தார்கள். மைக்கில் “பிரச்சினை சுமுகமாக முடிந்தது” என்று அறிவித்தார்கள். வேறு ஒருவர் கையில் விசிலைக் கொடுத்து ஆட்டம் தொடர்ந்தது. அறைந்த டீம் விடியற்காலை மேடையேறி இரண்டாம் பரிசு வாங்கியது. என் மாணவன் இடது காதில் இரைச்சலோடு வீட்டுக்குப் போனான். இந்த வருஷம் எந்த ஊர் கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறான். அவனை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

அடித்தவன் ஒருவன்தான். ஆனால் நடுவரை அடித்தாலும் மேடையேறிப் பரிசு வாங்கலாம் என்று அன்று இரவு முந்நூறு நானூறு பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தது கமிட்டி. அதனால்தான் டீம்களுக்கு எழுதாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த போனஸை எடுத்துக்கொள்வோம். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ் கணக்கில் வரும். ரெய்டரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்கும்போது மற்றக் கால் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். இது கண்ணிமைக்கும் நேரம். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தூரத்தில் இருக்கிற அந்தக் கோட்டை நாம் மண் தரையில் சுண்ணாம்புப் பொடியில் போடுகிறோம். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் பாதிக் கோடு கலைந்துவிடும். அப்புறம் ஒவ்வொருவர் மனசிலும் ஒவ்வொரு கோடு. விதிப்படி ஒரு ஆட்டத்துக்கு நடுவர் ஒருவர், அம்பயர் இரண்டு பேர், ஸ்கோர் எழுத ஒருவர், அவருக்கு உதவியாக இரண்டு பேர் என்று ஆறு பேர் வேண்டும். நாம் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டுகிறோம். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த மனுஷன் அதிகாலை மூன்று மணிக்கு எட்டாவது ஆட்டத்துக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பார். அவர் கண்ணில் ஒரு கால் தப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உலக மேடையிலேயே இது நடந்தது. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் கபடி இறுதிப் போட்டி. இந்தியாவும் ஈரானும் 28-28. ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக நேரம் பாக்கி. ரெய்டுக்குப் போன இந்திய வீரர் பவன் செராவத் யாரையும் தொடாமலே, களத்தின் பக்கவாட்டு ஓரப் பகுதியான லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்க ஈரான் ஆட்டக்காரர்களும் பின்னாலேயே லாபிக்குள் போனார்கள். ரெய்டர் மட்டும்தான் அவுட்டா, பின்னால் போனவர்களும் அவுட்டா என்று கேள்வி. பழைய விதி ஒன்று சொன்னது, புது விதி வேறு சொன்னது. தீர்ப்பை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். வீரர்கள் ஆடுகள விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33-29 என்று இந்தியா தங்கம் வாங்கியது. கேமராவும் பெரிய அதிகாரிகளும் இருந்த இடத்திலேயே இந்தக் குழப்பம். அங்கேயும் கோபம் இருந்தது, கத்தல் இருந்தது. நடுவரின் காதில் யாரும் அறையவில்லை. நம் ஊர்க் களத்தில் கேமராவும் இல்லை, ரிவ்யூவும் இல்லை. இருப்பது அந்த இரண்டு கண்கள் மட்டும்.

கமிட்டியார் அதிகம் கவனிக்காத ஒரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக் பிடிப்பவர். நல்ல வர்ணனையாளர் ஒருவர் இருந்தால் ஊரே விழித்திருந்து ஆட்டம் பார்க்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் “நடுவர் கொஞ்சம் கண்ணத் தொறந்து பாக்கணும்”, “இதெல்லாம் நியாயமா, மக்களே நீங்களே சொல்லுங்க” என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்த வரைக்கும், கை ஓங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரும்பாலும் மைக் ஏதாவது சொல்லியிருக்கும். மைக் உங்கள் காசில் ஓடுகிறது. தீர்ப்பைப் பற்றி மைக்கில் ஒரு சொல் வரக்கூடாது என்று நீங்கள் சொன்னால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, பேசத் தயங்குகிற விஷயம். விசில் பிடிக்கக் களத்தில் இறங்கும் முன்னாலேயே “இவரு எந்த ஊரு, யாரு ஆளு” என்று விசாரிக்கிறார்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் அடுத்த நிமிடம் வாயில் வருவது சாதிதான். அங்கிருந்து அது இரண்டு டீம் சண்டையாக இல்லாமல் இரண்டு ஊர்ப் பகையாகிவிடுகிறது. கமிட்டியில் இருக்கிற பெரியவர்கள் அந்த முதல் கேள்வியைக் கேட்கிற வாயை அங்கேயே அடக்க வேண்டும். உங்களால் முடியும். ஊரில் உங்கள் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது. சாராயமும் ஓரத்தில் கட்டும் பந்தயப் பணமும் இதில் சேர்ந்துகொள்வது உங்களுக்கே தெரியும், அதை நான் நீட்டவில்லை.

ஒரு அறைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெதர்லாந்தில் அல்மேரே என்கிற ஊரில் 2012 டிசம்பரில் சின்னப் பையன்களின் கால்பந்து ஆட்டம். மகன் ஆடும் கிளப்புக்காகக் கோட்டோரம் கொடி பிடித்து நின்ற அப்பா ஒருவரை, ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் கீழே தள்ளி உதைத்தார்கள். அவர் எழுந்து நடந்தார். பிறகு சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். அந்தப் பையன்களோடு ஒருவனின் அப்பாவும் தண்டனை வாங்கினார். அடுத்த வாரக் கடைசியில் அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் அமெச்சூர் ஆட்டம் அத்தனையையும் ரத்து செய்தது. அடித்தவர்களும் அங்கே “சின்னப் பசங்க”தான்.

நம் சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 115(2) பிரிவில் ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போனால் அது கொடுங்காயம், 117(2) பிரிவில் ஏழாண்டு வரை போகும். ஒரு கோப்பைக்காக ஒரு பிள்ளை தன் அரசு வேலைக் கனவையே தொலைக்கலாம். உங்கள் “சமாதானம்” அந்தப் பிள்ளையையும் காப்பாற்றவில்லை. அடுத்த ஊரில் இன்னும் பலமாக அடிக்கத் துணிச்சல் கொடுக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே டீம் கேப்டனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் டீமில் ஆடுபவரோ கூட வந்தவரோ நடுவர் மேல் கை வைத்தால் அந்த நிமிடமே டீம் வெளியேறும், அதுவரை ஜெயித்த பரிசும் கிடையாது, அந்த சீசன் முழுக்க பக்கத்து ஊர்ப் போட்டி எதிலும் சேர்க்க மாட்டார்கள் என்று. இதை ஒரு ஊர் மட்டும் செய்தால் நிற்காது, ஊர்கள் கூடிப் பேச வேண்டும். சொந்த ஊர் டீமுக்கும் இது பொருந்த வேண்டும். சொல்லப்போனால் முதலில் சொந்த ஊர் டீமுக்குத்தான் பொருந்த வேண்டும். நடுவர் கொடுத்த தீர்ப்பைக் கமிட்டி உட்கார்ந்து மாற்றுகிற பழக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தீர்ப்பைக் கேட்க கேப்டன் மட்டும் வரலாம். 2024 யூரோ கால்பந்தில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள், நடுவரைச் சுற்றிப் பத்துப் பேர் மொய்ப்பது குறைந்தது. நடுவர் பச்சை அட்டை காட்டினால் எச்சரிக்கை, மஞ்சள் என்றால் இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் அந்த ஆட்டம் முடியும் வரை அந்த ஆளுக்குக் களத்தில் இடம் கிடையாது. இந்த மூன்று அட்டையும் நம் நடுவர்கள் பையிலேயே தூங்குகின்றன, எடுத்தால் யார் பின்னால் நிற்பார்கள் என்ற பயத்தில். நீங்கள் நிற்பீர்கள் என்று ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில் சொல்லுங்கள்.

சிராவயல் தொழுவத்தில் மாட்டுக்கு டாக்டர், ஆளுக்கு டாக்டர், தடுப்பு வேலி, போலீஸ், கலெக்டர் அனுமதி எல்லாம் பார்க்கிற நம் சீமைக்கு, கபடிக் களத்தைச் சுற்றி மூன்று மீட்டர் விட்டு ஒரு கயிறு கட்டுவது பெரிய காரியம் இல்லை. இப்போது பார்வையாளர் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோட்டைப் புதிதாகப் போட ஒரு பையனை வையுங்கள். ஸ்கோர் மேசைக்குப் பின்னால் ஒரு செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி முழு ஆட்டத்தையும் பதிவு செய்யுங்கள். தீர்ப்பை மாற்ற அல்ல, யார் கை வைத்தார் என்று நாளைக்கு யாரும் மறுக்காமல் இருக்க. இங்கிலாந்தில் 2023-இல் அமெச்சூர் கால்பந்து நடுவர்களின் நெஞ்சிலேயே கேமரா மாட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகும் உங்கள் பொறுப்பு முடியவில்லை. களத்தில் முறைத்தவன் ஊர் எல்லையில் காத்திருப்பான். அதிகாலை இருட்டில் கல்லல் ரோட்டிலோ புதுவயல் ரோட்டிலோ தனியாக டூவீலரில் போகிற நடுவரை வழிமறித்த கதைகள் எங்களுக்குள் எவ்வளவோ உண்டு. விடியும் வரை அவருக்குப் படுக்க ஒரு இடம் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டு பேர் கூடப் போய் வீட்டில் விட்டு வாருங்கள். அடி விழுந்துவிட்டால் அவரோடு கமிட்டியே காவல் நிலையத்துக்கு வர வேண்டும், புகாரில் கமிட்டியின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

அழகப்பா வளாகத்தில் வருஷாவருஷம் உடற்கல்வி படித்து முடிக்கிற பிள்ளைகளில் பெண்களும் இருக்கிறார்கள். விதி ஆண்களைவிட நன்றாகத் தெரிந்த பெண்கள். அவர்களில் ஒருத்தியைக்கூட ராத்திரிக் களத்துக்கு விசிலோடு அனுப்ப எனக்குத் துணிவு வந்ததில்லை.

மாசித் திருவிழா நோட்டீஸ்கள் அச்சுக்குப் போகிற நேரம் இது. கேப்டன்களிடம் வாங்க வேண்டிய உறுதிமொழியை அரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கிற கமிட்டிக்குக் கொடுக்கிறேன். அதை வாங்கி நடைமுறைப்படுத்துகிற ஊருக்குப் படிப்பணம் இல்லாமல் விசில் ஊத நான் வருகிறேன். என் வயது நடுவர்கள் நாலைந்து பேரும் சம்மதித்திருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு இந்த சீசனில் நாங்கள் யாரும் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கபடி நடுவர்,
காரைக்குடி வட்டாரம்