காற்பந்து நாடகங்களும் தலைக்காயமும்

ஹாங்காங்கை 2-1 என வென்று சிங்கப்பூர் 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது குறித்து நாளிதழில் வந்த செய்தி மனம் நிறைத்தது. 1984ல் ஏற்று நடத்தும் நாடாக ஆடினோம். தகுதிச் சுற்றில் வென்று நுழைவது இதுவே முதன்முறை. இந்த உற்சாகத்தில் காற்பந்தை மையமாக வைத்துத் தமிழ் நாடகங்களும் வரவேண்டும். ஆனால், தலையில் அடிபட்டு மயங்கிய கதாநாயகன் முகத்தில் தண்ணீர் பட்டதும் எழுந்து கடைசி நிமிடத்தில் கோல் போடும் காட்சி மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் அதை வீரம் என்று நம்பிவிடுகிறார்கள். தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதால் வரும் மூளை அதிர்ச்சிக்கு (concussion) மயக்கம் வந்தாக வேண்டும் என்பதில்லை. தள்ளாட்டம், கோல் கணக்கை மறப்பது, வெளிச்சத்தில் கண் கூசுவது ஆகியவையும் அதன் அறிகுறிகளே. சந்தேகம் எழுந்தாலே அன்று மீண்டும் ஆடக்கூடாது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு நடை, மெதுவோட்டம், பந்துடன் தனிப்பயிற்சி எனப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டுத்தான் திரும்ப வேண்டும். மோதலுள்ள பயிற்சி மருத்துவர் அனுமதித்த பின்பே. வாந்தி தொடர்ந்தாலோ தலைவலி கூடிக்கொண்டே போனாலோ உடனே அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழைக்க வேண்டும். புளோக்குகளுக்கு நடுவே நடக்கும் வார இறுதி ஆட்டங்களில், “தண்ணி குடிச்சிட்டு எறங்குப்பா” என்று பெரியவர்களே சொல்வதை இன்றும் கேட்கிறேன்.

மூளை அதிர்ச்சிக்கென்றே கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்க, போட்டி நடத்துவோருக்கு 2024 முதல் ஆட்ட விதிகளே வழிவிடுகின்றன. வெளியேற மறுக்கும் வீரன், விடாப்பிடியாக மாற்றும் பயிற்றுநர் என்று அதிலும் நல்ல நாடகம் இருக்கிறது. கதாசிரியர்கள் இத்தகைய காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம்.