கடைசி வரிசையிலிருந்து வந்த நோட்டு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்றிரவு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பிய பிறகும் உறக்கம் வராததால் இதை எழுத உட்கார்ந்தேன். பத்து நாள்களுக்கு முன் நம் பாடற்குழுவுக்கு நேர்ந்ததை இதைப் படிக்கும் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. பிரதிகளும் ஒலிப்பதிவுகளும் ஒரே இரவில் இல்லாமற்போன நிலையில் இத்தனை மொழிப் பாடல்களை மேடையேற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. நிகழ்ச்சியை ரத்து செய்வதற்கான அறிவிப்பைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

ஒத்திகைக்கு இடம் தந்தவர்கள், இரவல் இசைக்கருவிகளைச் சுமந்து வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தாய்மார்களைப் பாட அனுப்பிய குடும்பத்தினர், வேலை முடிந்த களைப்போடு ஒவ்வொரு மாலையும் வந்து நின்ற குழுவினர் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களைத் தனித்தனியே குறிப்பிடாததைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று அறிவேன். இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது.

தம் பெயரைப் போடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசி வரிசையில் கீழ்க்குரல் பாடும் பெரியவர் என்றால் குழுவினருக்குப் புரியும். பிரதிகள் இல்லாமற்போன மறுநாள் காலை அவர் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை என்னிடம் நீட்டி, “கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதக் கூடாது என்றீர்கள், நான் வீட்டுக்குப் போய் எழுதினேன்” என்றார்.

அறியாத மொழியின் பாடலைக் காதால்தான் கற்க வேண்டும், எழுத்து குறுக்கே வந்தால் ஒலி கெட்டுவிடும் என்பது என் பிடிவாதம். அதை இப்போதும் முழுவதும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோட்டில் எழுத்து குறுக்கே வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜூலு, கோசா மொழிகளில் நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை. அவற்றுள் ஒன்றன் மேல் அவர் “உச்சுக் கொட்டு” என்று எழுதியிருந்தார்; இன்னொன்றன் மேல் “மாடு ஓட்டுகிற சத்தம், கன்னத்துப் பக்கமாக”; மூன்றாவதற்கு “குப்பி மூடி திறப்பதுபோல்”. கோசா என்ற பெயரே அந்த மாடு ஓட்டுகிற சத்தத்தோடுதான் தொடங்குகிறது என்று நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவருடைய ஒரு வரி அளவுக்கு அது யாருக்கும் பிடிபட்டதில்லை. பல்கேரிய ஆட்டப்பாடலின் ஏழு எண்ணிக்கைத் தாளத்துக்கு “தக தக தகிட” என்று சொற்கட்டு போட்டிருந்தார். நமக்கு ஒரே ககரமாகக் கேட்பதை ஜார்ஜிய மொழி பல ஒலிகளாகப் பிரிக்கும் இடங்களில் எழுத்தின் அடியில் சிறு வட்டம் இட்டு, “தொண்டையை அடைத்து வெடிக்க விடு” என்று குறித்திருந்தார்.

என்னை அசைத்தது வேறொரு குறிப்பு. கிழக்கு ஜார்ஜியாவின் விருந்துப் பாடல்களில் மேலிரு குரல்களைத் தனிப்பாடகர்கள் ஏற்க, சுருதிபோல் நிலைத்து நிற்கும் கீழ்க்குரலை மற்றவர்கள் கூட்டமாகப் பாடுவார்கள். அது அறுபடாமல் ஒலிக்க வேண்டுமென்றால் அனைவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், “பக்கத்திலிருப்பவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நான் வாங்கக் கூடாது” என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். இரண்டாண்டுகளாக அந்த வரிசையைப் பற்றி நான் பாராட்டாக ஒரு சொல் சொன்னதாக நினைவில்லை. என் கவனமெல்லாம் மேற்குரல்களில்தான் இருந்தது.

அந்த மரபைச் சேர்ந்த ‘சக்ருலோ’ என்னும் பாடல் 1977இல் வாயேஜர் விண்கலங்களின் பொன்முலாம் பூசிய தகட்டில் ஏற்றி அனுப்பப்பட்டது. 2001இல் ஜார்ஜியப் பல்குரல் பாடலை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது. உலகம் இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதில் நம் பங்குக்கு எஞ்சியது அந்த ஒரு நோட்டு மட்டுமே. அன்று மாலையே பக்கங்களைப் பிரித்து ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து படியெடுத்தோம். கையெழுத்து புரியாத இடங்களில் அவரிடம் கேட்டோம்; அவர் பேசவில்லை, பாடிக் காட்டினார். நேற்று மேடையில் கீழ்க்குரல் ஓரிடத்தில்கூட அறுபடவில்லை.

இனி எழுதாதீர்கள் என்று யாரையும் தடுக்க மாட்டேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு பாடலுக்காவது கடைசி வரிசையில் போய் நின்று கேட்பேன். இதை எல்லோர் முன்னும் சொல்லிவைத்தால்தான் மீற மாட்டேன் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நேற்றிரவு நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. நான் ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களை அதில் வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் “எது சரி?” என்று எழுதியிருந்தார். அடுத்த ஒத்திகையை அந்த மூன்று சொற்களிலிருந்து தொடங்குகிறோம்.

நன்றியுடன்,
உங்கள் பாடற்குழு நடத்துநர்