அப்பாவுக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு முருகேசன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. கையெழுத்து சரவணனுடையது, திட்டு உங்களுடையது. போனில் பேசினால் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் பேசவில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. நாசி கண்டார் என்று ஒன்று, சோற்றின் மேல் நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றித்தான் தருவார்கள். அம்மா பார்த்தால் தட்டைப் பிடுங்கிவிடுவாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில், பொழுது சாய்ந்தால் உறுமி அடிக்கிறார்கள். நம்ம உறுமியேதான்! பள்ளிக்கூடத்துப் பையன்கள், ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். இவர்கள் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டங்கள் வீட்டுமனையானதும் முனீஸ்வரனையும் மதுரை வீரனையும் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார்கள், மேளமும் கூட வந்தது. இப்போது குழுவுக்கு ஒரு பெயர், ஒரே நிறத்தில் பனியன், யூடியூபில் பாட்டு. கோயில், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் உங்களைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டுப் பந்தலுக்கு வெளியே நிறுத்துவார்களே, அது இவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒரு குறைதான். ஒரேயடியாக வேகம். வளைந்த குச்சியைத் தேய்த்து இழுக்கிறபோது உங்களுக்கு வரும் அந்த உறுமல் ஒருத்தனுக்கும் வரவில்லை. வந்தாலும் பம்பை அமுக்கிவிடுகிறது.

மேல்மாடியில் ஒரு சீனத் தாத்தா. மேளம் தொடங்கினால் ஜன்னலைத் திறந்து கத்துவார். அவரே தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியில் மூட்டையை அவிழ்த்துத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்! இங்கே சீனர்கள் நிறையப் பேர் உடைக்கிறார்கள், தெருவெல்லாம் ஓடு. செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-லிருந்து ஓடுகிறதாம். 2017 முதல் தங்க ரதம் வேறு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. பாதி ஏறியபோது கீழே எங்கோ ஒற்றை உறுமி மட்டும் கேட்டது, உங்கள் அடி மாதிரியே. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான், வேறொன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உறுமியை யாரோ விலைக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். நீங்கள் அடிப்பதைச் சரவணன் போனில் பிடித்து அனுப்பட்டும், கீழே ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும். கடையில் சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சங்கத்தில் வட்டியை மட்டும் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கிணற்றுமேட்டை ஒத்திக்கு விடப் பெரியப்பா கையெழுத்துக் கேட்டால், நான் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். மலருக்கு மாப்பிள்ளை வீட்டார் பைக் கேட்டது நிச்சயத்துக்கு முன்னாலா, பின்னாலா? அதை எழுதவே இல்லையே. பத்திரிகை அடிக்கும் முன் பெரிய மாமாவை நேரில் போய்ப் பாருங்கள். காதுகுத்துக்குச் சொன்ன மாதிரி போனில் சொன்னால் இந்தத் தடவையும் வரமாட்டார்.

இப்படிக்கு,
முருகேசன்