மாசியில்தான் எங்களுக்குச் சினிமா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு ஊர்த் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிவருவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓடிடி வந்தபிறகு சனங்களுக்குத் தியேட்டர் ஆசை விட்டுப்போய்விட்டது என்று அதில் முடித்திருந்தார்கள். டெல்டாவில் விவசாயக் குடும்பத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன், ஆசை எங்கும் போகவில்லை. நாங்கள் தியேட்டருக்குக் கிளம்பத் தோதாகிற நேரத்தில் படம் தியேட்டரில் இருப்பதில்லை.

பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தின் பெரிய படங்கள் அப்போதுதான் வருகின்றன. எங்களுக்கோ அது சம்பா அறுவடை தொடங்கும் நேரம். கதிர் அறுக்க மெஷின் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மெஷின் நம் வயலுக்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். அறுத்த நெல்லைத் தூற்றிக் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்டால் மறுபடி சாலையில் பரப்பிக் கிளற வேண்டும். மூட்டை எடை ஏறும்வரை, ராத்திரி பனியில் தார்ப்பாய் போர்த்தி, ஆம்பளைகள் முறைவைத்துக் காவல் கிடப்பார்கள். பெண்களுக்குக் களத்துக்கும் வீட்டுக்குமாக நடை ஓயாது. கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் வேலையை விடுவதே பெரிய நஷ்டம். இந்தச் சமயத்தில் யார் குடும்பத்தோடு படத்துக்குப் போவார்கள்?

மாசி பிறந்தால்தான் மூச்சு விட முடியும். நெல்லுக்குப் பணம் கைக்கு வரும். வயலில் உளுந்தும் பயறும் தானாக வளர்ந்துகொண்டிருக்கும். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அப்போதுதான் வைப்போம். சினிமாவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுவதும் அப்போதுதான். ஆனால் பொங்கல் படம் நான்கே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறதே! சரியாக மாசிப் பிறப்பன்று, பொங்கலுக்குப் பார்க்க ஆசைப்பட்ட படம் போனில் ஓடுகிறது. அப்புறம் எதற்குப் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டுவிடுகிறார்கள்.

தீபாவளிக்கும் இதே கதைதான். ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் அறுவடை முடிந்து கொஞ்சம் காசு புரளும். ஆனால் உடனே சம்பா நடவு, களையெடுப்பு, அதோடு அடைமழை. தண்ணீர் முன்னே பின்னே வந்த வருஷங்களில் அந்தக் காசும் கிடையாது.

ஓடிடிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. வயசானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் அது பெரிய வசதி. நான் கேட்பது தியேட்டருக்கும் ஓடிடிக்கும் நடுவில் கூடுதல் இடைவெளியைத்தான். இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் கழித்தே ஓடிடி என்று பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் உறுதியாக நிற்கின்றன. நான்கு வாரத்தில் ஓடிடிக்குப் போகிறது என்பதற்காகவே 2023-ல் 'லியோ' படத்தின் இந்திப் பதிப்பை வடக்கே அந்த மல்டிபிளெக்ஸ்கள் திரையிடவில்லை. அவர்களுக்கு இருக்கிற பிடிமானம் எங்கள் டவுனில் ஒற்றைத் திரை வைத்திருப்பவருக்கு இல்லை. தமிழ்ப் படத்துக்கும் எட்டு வாரம் கிடைத்தால் பொங்கல் படம் ஏறக்குறைய மாசி முழுக்கத் தியேட்டருக்கு மட்டுமே சொந்தமாக இருக்கும். திருச்சி, தஞ்சாவூர் சேர்ந்த எங்கள் விநியோக ஏரியாவுக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இருக்க முடியாது.

தியேட்டர்காரர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மேட்னி என்றாலே எங்கள் பக்கம் பெண்கள் ஆட்டம். காலையிலேயே சோற்றை வடித்து வைத்துவிட்டு, தெருவில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். பெண்கள் கவுண்டருக்கு ஒரு ஆள் மட்டுமே நுழையும் அளவுக்குச் சுவர் வைத்த சந்து இருக்கும். முன்னால் நிற்பவள் தெருவுக்கே டிக்கெட் வாங்கிவிடுவாள். படத்தில் மாமியார் வந்தால் ஒரே வசவு, பிள்ளையைப் பறிகொடுத்தவள் வந்தால் பக்கத்துச் சீட்டு அத்தை மூக்கைச் சிந்துவார். முன்பின் தெரியாத ஒருத்தி நம் கைக்குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொள்வாள். ஒரே இடத்தில் அத்தனை பேர் சேர்ந்து அழுவதும் சிரிப்பதும் கோயில் திருவிழாவை விட்டால் எங்களுக்குத் தியேட்டரில்தான். போனில் பார்க்கும்போது அடுப்பில் பால் பொங்கும், யாராவது கூப்பிடுவார்கள், பாதியில் நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதான். மூன்று மணி நேரம் ஒருத்தரும் நம்மை வேலை ஏவ முடியாத இடம் ஒரு பெண்ணுக்கு வேறு எங்கே இருக்கிறது?

அந்த மேட்னியை எங்கள் பக்கத்து டவுனில் கவனிப்பாரில்லாமல் விட்டுவிட்டார்கள். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது. ஸ்பீக்கர் கரகரக்கிறது. குழந்தைக்குக் கொண்டுபோன பாலைக்கூட வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமே, குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. வாசலில் நிற்கும் ஊழியருக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டிக்கெட் விலைக்கும் இப்போது வழி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேலே போனால் 18 சதவீதம். மேட்னி டிக்கெட்டை 100 ரூபாய்க்குள் வைத்து அந்தக் குறைப்பை எங்களுக்குக் கொடுக்கலாம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. படம் விடுகிற நேரத்துக்குக் கிராமத்துப் பஸ் இருக்கிறதா என்று பார்த்து ஆட்டத்தை வைத்தாலே போதும்.

திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். சனம் இருக்கிற இடத்துக்கு அன்றைக்குச் சினிமா தேடி வந்தது. கேரளத்தில் சேர்த்தலை போன்ற சிறு ஊரிலும் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே தியேட்டர் நடத்துகிறது. நம் அரசும் இதை யோசிக்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எட்டு வார இடைவெளிக்குச் சம்மதமா என்று தயாரிப்பாளர்களிடமும், அறுவடை முடிந்தபிறகு பொங்கல் படங்களை மேட்னிக்கு மட்டுமாவது மறுபடி போடுவார்களா என்று எங்கள் ஏரியா விநியோகஸ்தர்களிடமும் தியேட்டர் உரிமையாளர்களிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைத் தங்கள் இதழில் வெளியிடுங்கள். எங்கள் தெருவில் இதைப் படிக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்