வளாகப் பசுமை வேர் வரை எட்டட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக வளாகங்களின் பசுமையை, நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டே அளந்துவிடும் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நடப்பட்டவை பிழைத்தனவா என்று எவரும் கேட்பதில்லை. 2010 முதல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் வெளியிட்டு வரும் 'கிரீன்மெட்ரிக்' என்னும் உலகப் பல்கலைக்கழகங்களின் பசுமைத் தரவரிசைகூட நீர், ஆற்றல், கழிவு, போக்குவரத்து ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிடுகிறது.

முதிர்ந்த மரமொன்றின் அடியில் தண்டை ஒட்டியே சிமென்ட் பூசித் தரைக்கற்களைப் பதித்துவிட்டு, சில ஆண்டுகளில் வேர் அக்கற்களை மேலே தூக்கியதும் நடைபாதையைக் கெடுப்பதாக மரத்தின் மீதே பழி சுமத்துவதைக் கண்டிருக்கிறேன். மழைநீரின் நிலையும் இதுதான். 1,000 சதுர மீட்டர் கூரையின் மீது 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் விழுகிறது. அதை மண்ணுக்குள் இறக்க, கட்டடத்தை ஒட்டித் தரைமட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வான செடிப்பாத்தி ஒன்றும், நீர் உள்ளே நுழைய அதன் விளிம்பில் ஓர் இடைவெளியும் பெரிதும் உதவும். ஆனால், அழகுக்காகப் பாத்தியின் விளிம்பை உயர்த்திக் கட்டிவிடுவதால், நீர் சாலை வழியே வடிகாலுக்கு ஓட, செடிக்குக் குழாய்நீர் பாய்ச்சுகிறோம்!

கட்டடப் பொறியியலும் தாவரவியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஆகவே, புதிய கட்டடத்தின் வரைபடம் ஒப்புதலுக்குச் செல்லும் முன் அவ்விரு துறைகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் அதைப் பார்வையிட்டுக் கருத்துரைப்பதைப் பல்கலைக்கழக நிர்வாகங்கள் கட்டாயமாக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்